ப்ளோயர் ஓடுது, மண்ணு சுத்தமாகுதா? பெட்ரோல் கசிவு அறிக்கையைப் படிக்க உதவி வேணும்

பிரிவு: நிலத்தடி நீர் › மாசும் சுத்திகரிப்பும்

#1 தெருச்செயலாளர்

வணக்கம். எங்க தெரு வடசென்னையில, கடற்கரைப் பக்கம். தெருமுனை பங்க்ல அடித்தொட்டி ஓட்டையாகி, பக்கத்து வீட்டு போர் தண்ணியில பெட்ரோல் வாடை வந்துச்சு. மனு, போராட்டம் எல்லாம் முடிஞ்சு கடைசியில ஒரு கம்பெனியைக் கூட்டிட்டு வந்து மெஷின் வச்சாங்க. கன்டெய்னருக்குள்ள மண்ணுலேர்ந்து ஆவியை உறிஞ்ச ஒரு ப்ளோயர், தண்ணிக்கு அடியில காத்து அடிக்க ஒரு கம்ப்ரஸர், வெளியே உறிஞ்சின ஆவியை வடிகட்ட ரெண்டு கரித்தொட்டி. ரெண்டு வருஷமா ராத்திரி பகலா ஓடுது. இப்ப "வேலை முடிஞ்சுது, எடுத்துட்டுப் போறோம், ஆட்சேபனை இல்லைன்னு சங்கத்து லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் குடுங்க"ங்கறாங்க.

அறிக்கையில எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். மெஷின் ஓடின நேரம் 96 சதவீதம். மொத்தம் 11,200 லிட்டர் பெட்ரோல் மீட்பு. எம்.டபிள்யூ-3ங்கிற கண்காணிப்புக் கிணத்துல முதல்ல பென்சீன் (பெட்ரோல்ல இருக்கற நச்சு) லிட்டருக்கு 3,800 மைக்ரோகிராம், இப்ப 40. மிதக்கிற எண்ணெய் முதல்ல 22 சென்டிமீட்டர், இப்ப "இல்லை". பார்த்தா நல்லாத்தான் இருக்கு. கையெழுத்து போடலாமா?

#2 குழாயடி முருகன்

சார், இப்போதைக்குப் போடாதீங்க. அறிக்கை பொய்னு சொல்லல. ஆனா மெஷின் ஓடுச்சாங்கிறது ஒரு கேள்வி, மண்ணுக்குள்ள இருக்கறது குறைஞ்சுதாங்கிறது வேற கேள்வி. 96 சதவீதம் முதல் கேள்விக்குத்தான் பதில்.

எனக்கு நாலு விஷயம் வேணும். முதல் மாதிரியும் கடைசி மாதிரியும் எந்த மாசம் எடுத்தாங்க? அன்னிக்கு கிணத்துல தண்ணி மட்டம் எவ்வளவு? எம்.டபிள்யூ-3ல ஸ்லாட் பைப் (தண்ணி உள்ளே வர ஓட்டை போட்ட பகுதி) எந்த ஆழத்துல ஆரம்பிக்குது? அறிக்கை கடைசியில பின்னிணைப்புல போர் படம் இருக்கும், பாருங்க. கடைசியா, மாதிரி எடுத்த அன்னிக்கு கம்ப்ரஸர் ஓடிட்டிருந்துச்சா, நிறுத்தியிருந்தாங்களா?

#3 கணக்குப்பிள்ளை

எடுத்த எடுப்புலயே கம்பெனிக்காரனைத் திருடன் ஆக்கிடாதீங்க முருகன். நான் அந்தப் பக்கம் வேலை பார்த்தவன். ரெண்டு வருஷம் நிக்காம ஓட்டினதே பெரிய விஷயம். பல இடத்துல ஆறாவது மாசம் ப்ளோயர் பேரிங் போயிடும், அப்படியே துணி போட்டு மூடி வச்சிருப்பாங்க. 3,800 நாற்பதாகறது நடக்கக்கூடியதுதான்.

சார், அறிக்கையில ப்ளோயரோட காற்று அளவும், உறிஞ்சின காத்துல ஹைட்ரோகார்பன், அதாவது பெட்ரோல் ஆவி, அளவும் இருக்கும். அதையும் போடுங்க.

#4 தெருச்செயலாளர்

ரெண்டு மணி நேரம் தேடி எடுத்தேன்.

முதல் மாதிரி ஜூன், தண்ணி மட்டம் தரையிலேர்ந்து 4.9 மீட்டர். கடைசி மாதிரி இந்த ஜனவரி, 1.8 மீட்டர். ஸ்லாட் பைப் 2.5 மீட்டர்ல ஆரம்பிச்சு 7.5 வரை போகுது. கம்ப்ரஸர் ஓடுச்சான்னு எங்கயும் எழுதல. ஆனா ஒரு அட்டவணையில கரைந்த ஆக்சிஜன்னு இருக்கு. எம்.டபிள்யூ-3ல 7.1, மத்த நாலு கிணத்துலயும் 0.5க்குக் கீழ.

ப்ளோயர் மணிக்கு 100 கன மீட்டர். காத்துல ஆரம்பத்துல கன மீட்டருக்கு 5,000 மில்லிகிராம், இப்ப 150.

#5 குழாயடி முருகன்

சார், நீங்க தேடி எடுத்ததுல எல்லாமே இருக்கு. ஒண்ணொண்ணா வர்றேன்.

மொதல்ல மாசம். ஜூன்ல நம்ம ஊர்ல தண்ணி அடிமட்டத்துல இருக்கும். ஜனவரியில வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு மேல வந்திருக்கும். உங்க கிணத்துலயே மூணு மீட்டர் வித்தியாசம். பெட்ரோல் தண்ணியை விட லேசு, மட்டத்து மேல மிதக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா தண்ணி ஏறி இறங்க ஏறி இறங்க அதுவும் கூடவே போய் அந்த மூணு மீட்டர் மண் முழுக்க அப்பிக்கும். மழைக்கு அப்புறம் தண்ணி ஏறினா, மணல் துகள்களுக்கு நடுவுல மாட்டின எண்ணெய் தண்ணிக்கு அடியிலயே சிறைப்பட்டு நிக்கும், கிணத்துக்குள்ள வராது. கோடையில தண்ணி இறங்கும்போது அதுல ஒரு பங்கு வழிஞ்சு கிணத்துல சேரும். அதனால ஜனவரியில "எண்ணெய் இல்லை"ங்கிறது எங்க தொழில்ல செய்தியே இல்ல.

உங்க கிணத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஸ்லாட் 2.5 மீட்டர்ல ஆரம்பிக்குது, தண்ணி 1.8ல நிக்குது. அதாவது தண்ணியோட மேல்மட்டம் ஓட்டையே இல்லாத பைப்புக்குள்ள இருக்கு. வெளியே ஒரு சாண் எண்ணெய் மிதந்தாலும் உள்ளே வர வழி கிடையாது. ஜனவரியில அந்தக் கிணத்தால மிதக்கும் எண்ணெயைப் பார்க்கவே முடியாது.

அப்புறம் அந்த 7.1. பெட்ரோல் கலந்த நிலத்தடி நீர்ல நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை முழுசாத் தின்னுடும், அதான் மத்த கிணத்துல 0.5க்குக் கீழ நிக்குது. இது ஒண்ணுல மட்டும் கிட்டத்தட்ட காத்துல வச்ச தண்ணி அளவுக்கு ஆக்சிஜன்னா, கம்ப்ரஸர் அடிக்கிற காத்து ஏதோ ஒரு வழி கண்டுபிடிச்சு நேரா கிணத்துக்குள்ளயே குமிழ் விடுதுன்னு சந்தேகப்படணும். அப்படின்னா கிணத்துக்குள்ள இருக்கற தண்ணியில பென்சீன் பறந்துடும். அந்த 40 கிணத்துத் தண்ணியோட அளவு. பக்கத்து மணல்ல எவ்வளவுன்னு அது சொல்லாது.

மெஷினை நிறுத்தி, சில வாரமாவது விட்டு, மாதிரி எடுத்திருக்கணும். சும்மா ஒரு நாள் நிறுத்தி எடுத்தா போதாது.

#6 கணக்குப்பிள்ளை

ஸ்லாட் விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். அந்த போர் போட்டவன் கோடையில வந்து போட்டிருப்பான், மழைக்காலத்து மட்டத்தை யோசிச்சிருக்க மாட்டான்.

நான் லிட்டர் கணக்கைப் பார்த்தேன். மணிக்கு 100 கன மீட்டர், கன மீட்டருக்கு 5,000 மில்லிகிராம். பெருக்கினா மணிக்கு அரை கிலோ, நாளைக்கு 12 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ சுமார். அப்ப நாளைக்கு 16 லிட்டர். ரெண்டு வருஷத்துல 96 சதவீதம்னா 700 நாள். 16ஐ 700ஆல பெருக்குங்க.

11,200.

அதாவது முதல் நாள் அளவையே எழுநூறு நாளுக்கும் போட்டுப் பெருக்கியிருக்காங்க. காத்துல அளவு 5,000த்துலேர்ந்து 150க்கு இறங்கினதை அவங்களே இன்னொரு பக்கத்துல அச்சடிச்சிருக்காங்க. இப்ப இருக்கற 150க்கு கணக்குப் போட்டா நாளைக்கு 360 கிராம், அரை லிட்டர். பொதுவா இந்த அளவு முதல் சில மாசத்துலயே சரிஞ்சுடும், அப்புறம் வால் மாதிரி நீண்டுட்டே போகும். உண்மையில எடுத்தது அவங்க சொல்றதுல ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். மாசாமாசம் எடுத்த அளவைக் கேளுங்க, நான் கூட்டித் தர்றேன். இதை எவன் எழுதினான்னு தெரியல, எக்செல்ல ஒரு கட்டத்தை இழுத்து விட்டுட்டுப் போயிருக்கான்.

#7 எம்டெக் மாணவி

ஒரு சந்தேகம். 5,000 நூற்றைம்பதாகக் குறைந்திருக்கிறது என்றால் மண்ணில் இருப்பதும் குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? லிட்டர் கணக்கு தப்பாக இருந்தாலும், இனி எடுக்க ஒன்றும் இல்லை என்பதை அது காட்டவில்லையா?

#8 குழாயடி முருகன்

நல்ல கேள்வி, பாதிப் பேர் சறுக்கறது இங்கதான்.

ப்ளோயர் உறிஞ்சும்போது காத்து சுலபமான வழியிலதான் போகும். பருமணல் வழியா ஓடும், களிமண் பட்டையைத் தொடாது. பருமணல்ல இருந்த பெட்ரோல் சீக்கிரம் வந்துடும். களிமண்ணுக்குள்ள இருக்கறது மெதுவா கசிஞ்சு வெளியே வரணும், அதோட வேகத்தை ப்ளோயரால கூட்ட முடியாது. ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காய வச்சு மூடி வச்சா, மறுநாள் திறந்ததும் வாடை வருமே, அதேதான். ஓடிட்டு இருக்கும்போது 150தான் காட்டும். ஒரு மாசம் நிறுத்திட்டு மறுபடி போட்டீங்கன்னா முதல் மணி நேரத்துல 2,000 காட்டலாம், 160ம் காட்டலாம். 160 காட்டினா உண்மையிலேயே முடியற நிலைமை. 2,000 காட்டினா சரக்கு உள்ளேயே இருக்கு.

இதைத்தான் ரீபவுண்டு டெஸ்ட்ங்கறோம். மெஷின் ஓடும்போது எடுத்த எந்த எண்ணை வச்சும் மூட முடிவு பண்ணக்கூடாது. நிறுத்தி வச்சுப் பார்க்கணும், அதுவும் ஒரு தடவை இல்ல, ஒரு முழு வருஷ மழையும் வெயிலும் கடந்து.

#9 பாக்டீரியா பாஸ்கர்

இவ்வளவு எதுக்கு? எண்ணெய் தின்னும் பாக்டீரியா பவுடர் விக்குது. நாலு மூட்டை கரைச்சு போர்ல ஊத்தினா ஒரே மாசத்துல க்ளீன். வேணும்னா தனிமடல் போடுங்க.

#10 மினசோட்டா மாலதி

அந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது ஆக்சிஜன். ஒரு கிராம் பெட்ரோலை முழுதாகச் சிதைக்க ஏறத்தாழ மூன்றரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழெட்டு மில்லிகிராம்தான் கரையும். மூட்டைக்குள் அது வராது.

கொட்டிய எண்ணெய்க் கழிவுச் சேற்றை மேலே பரப்பி, உழுது, உரம் போட்டு நுண்ணுயிர் கலப்பது வேறு வேலை, அங்கே இது பயன்படுகிறது. ஐந்து மீட்டர் ஆழத்தில் போர் வழியாக ஊற்றுவது வேறு.

#11 சுன்னாகத்தான்

இழையை ஆரம்பத்திலயிருந்து வாசிச்சனான். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலை மின்நிலையத்தடியிலை இருந்து கழிவு எண்ணெய் நிலத்துக்குள்ள போய் சுத்துவட்டாரக் கிணறுகளிலை தெரிய வந்தது. எங்கட ஊரிலை வீட்டுக்கு ஒரு கிணறு, குடிக்கிறதும் அதுதான், தோட்டத்துக்கு இறைக்கிறதும் அதுதான். வாளியிலை அள்ளினா மேல படலம். வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றம் வரை (உங்கட பக்கத்திலை உச்ச நீதிமன்றம்) போய் 2019 ஏப்ரலிலை தீர்ப்பு வந்தது. மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் கம்பெனி 2 கோடி ரூபா இழப்பீடு குடுக்கவேணும் எண்டு.

நான் கேக்கிறது வேற. அந்தக் காலத்திலை ஒரு தரப்பு "எண்ணெய் இருக்கு, கிணத்துத் தண்ணி குடிக்காதேங்கோ" எண்டுது. மாகாண சபை போட்ட நிபுணர் குழு வேற மாதிரிச் சொல்லிச்சு. சனம் ஆரை நம்புறது? ஒரே தண்ணியை ரெண்டு பேர் சோதிச்சா ரெண்டு விடை எப்பிடி வரும்?

#12 குழாயடி முருகன்

அண்ணே, ரெண்டு பேரும் எதைத் தேடினாங்கங்கறதைப் பொறுத்தது. அந்தக் குழுவோட விவரத்துக்குள்ள நான் போகல, பொதுவா லேப்ல நடக்கறதைச் சொல்றேன்.

"எண்ணெய்-கிரீஸ்" சோதனைன்னு ஒண்ணு. தண்ணியை ஒரு கரைப்பான்ல குலுக்கி, எண்ணெயை அதுல இழுத்து, அப்புறம் சூடு பண்ணி கரைப்பானை ஆவியாக்கி மிச்சத்தை நிறுப்பாங்க. கனமான எண்ணெய், எரிஞ்ச கழிவு எண்ணெய், சமையல் எண்ணெய்கூட அதுல மாட்டும். ஆனா பென்சீன் 80 டிகிரியில கொதிக்கிற சரக்கு. கரைப்பானோட சேர்ந்து அதுவும் பறந்துடும். பெட்ரோல் நிறைஞ்ச தண்ணிக்குக்கூட "எண்ணெய்-கிரீஸ் இல்லை"ன்னு நேர்மையா ரிப்போர்ட் வரலாம்.

தலைகீழாவும் நடக்கும். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நாலையும் மட்டும் தேடுற சோதனையில பழைய கனரக எண்ணெய் தட்டுப்படாமப் போகலாம், ஏன்னா அதுல இந்த நாலும் கம்மி.

மின்நிலையக் கழிவு எண்ணெய்க்கு ஒரு சோதனை, பங்க் பெட்ரோலுக்கு ஒரு சோதனை. எது கொட்டுச்சோ அதைத் தேடணும். சார், உங்க அறிக்கையில பென்சீனைத் தேடியிருக்காங்க, அதுவரைக்கும் சரி.

#13 சுன்னாகத்தான்

விளங்குது. அப்ப எங்கட பக்கத்திலை இப்பிடி மெஷின் பூட்டி உறிஞ்சேலாதோ? கேட்டா ஒருத்தரும் சரியான மறுமொழி சொல்லினமில்லை.

#14 மினசோட்டா மாலதி

யாழ்ப்பாணத்தில் மணல் அல்ல, சுண்ணாம்புக்கல். தண்ணீர் துகள்களுக்கு நடுவே ஊறிப் போவதில்லை, வெடிப்புகளிலும் குகைத் துவாரங்களிலும் ஓடுகிறது. இரண்டு கிணறு பத்து மீட்டர் தள்ளி இருந்தும் ஒன்றில் எண்ணெய் வரும், மற்றதில் வராது. அதனால் "நாலு கண்காணிப்புக் கிணறு போட்டோம், மூன்றில் ஒன்றுமில்லை" என்பதை மணல் நிலத்தில் நம்புகிற அளவுக்கு அங்கே நம்ப முடியாது. ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு இருப்பதுதான் அங்கே நல்ல கண்காணிப்பு வலை, அதை முறையாகப் பயன்படுத்தினால்.

வேகமாக இறைத்துச் சுத்திகரிப்பதும் ஆபத்து. நல்ல தண்ணீர் அங்கே உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. எண்ணெயைத் துரத்தி அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அப்படி ஒரு திட்டத்தில் எண்ணெயை மட்டும் அளந்தால் போதாது, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்.

#15 சுன்னாகத்தான்

உவர் ஏறினா பிறகு அந்தக் கிணறு எங்களுக்கு ஒண்டுக்கும் உதவாது. சரி, நன்றி அக்கா.

#16 கணக்குப்பிள்ளை

மாலதி, நீங்க இருக்கற மாநிலத்துலதானே அந்தப் பெமிட்ஜி? இங்க பல பேர் மெஷின்னா மந்திரம்னு நினைச்சுட்டு இருக்காங்க. அதைக் கொஞ்சம் சொல்லுங்க.

#17 மினசோட்டா மாலதி

சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1979 ஆகஸ்ட் 20 அன்று மினசோட்டாவில் பெமிட்ஜி ஊருக்குப் பக்கத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. உடனே அள்ளியது, எரித்தது, மண்ணை வெட்டி எடுத்தது எல்லாம் போக ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் உள்ளே தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அந்த இடத்தை ஆராய்ச்சிக் களமாக வைத்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரே கசிவை அளக்கும் இடங்கள் உலகில் மிகக் குறைவு.

1998இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, மிதக்கும் எண்ணெயைப் படலம் அளவுக்குக் குறைக்கும்வரை எடுக்கச் சொன்னது. 1999 முதல் 2004 வரை பம்ப் ஓடியது. எடுத்தது சுமார் 1,14,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். அப்போது உள்ளே இருந்ததில் அது 40 சதவீதத்தைச் சுற்றித்தான். படலம் அளவுக்கு வரவே இல்லை, கிணறுகளில் எண்ணெய் நின்றது. மணல் துகள்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்ட எண்ணெயை எந்தப் பம்பும் இழுக்காது.

இன்னொரு பக்கம் மண் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த இரும்பைப் பயன்படுத்தின, அதற்கும் அப்பால் எண்ணெயை மீத்தேனாக மாற்றின. மீத்தேன் மேலே ஏறும் வழியில் ஆக்சிஜனைச் சந்தித்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அதைத் தரைமட்டத்தில் ஒரு மூடி கவிழ்த்து அளக்கலாம். எண்ணெய் இருக்கும் இடத்துக்கு மேலும், இல்லாத இடத்துக்கு மேலும் அளந்து கழித்தால், கீழே வருடத்துக்கு எவ்வளவு எண்ணெய் சிதைகிறது என்று ஒரு கணக்கு கிடைக்கும்.

பம்ப் ஓடுவதை நிறுத்தலாமா என்று கேட்கும் இடங்களில் இந்தக் கணக்கையும் பம்ப் எடுக்கும் லிட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். பல இடங்களில் மண் முந்தி நிற்கும்.

#18 கணக்குப்பிள்ளை

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். நாளைக்கு அரை லிட்டருக்காக ப்ளோயரும் கம்ப்ரஸரும் கரியும் கரண்டும். கலிஃபோர்னியாவுல 1995லயே லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் நூத்துக்கணக்கான கசிவுகளைப் பார்த்து, பெரும்பாலான இடங்கள்ல பென்சீன் 250 அடியைத் தாண்டிப் போகலைன்னு சொல்லிடுச்சு. தானா அடங்கற இடத்துல எதுக்கு இவ்வளவு?

#19 மினசோட்டா மாலதி

அடங்குகிறதா என்று அளந்தால் சொல்லலாம், அளக்காமல் "தானாகச் சரியாகும்" என்பது கையைக் கழுவுவது. இயற்கைச் சிதைவை ஏற்பதற்கும் கண்காணிப்பு வேண்டும், சொல்லப்போனால் மெஷினுக்கு வேண்டியதைவிட நீண்ட காலத்துக்கு. கசிவுக்கு மேற்புறக் கிணறு ஒன்று, நடுவில் ஒன்று, தண்ணீர் ஓடும் திசையில் இரண்டு. ஆக்சிஜனுக்குப் பதில் நுண்ணுயிர்கள் பயன்படுத்துவதால் நடுவில் நைட்ரேட்டும் சல்பேட்டும் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் ஏறியிருக்க வேண்டும். கீழ்ப்புறக் கடைசிக் கிணற்றில் பென்சீன் வரவே கூடாது.

உங்கள் தெரு கடலோரம் என்கிறீர்கள். உவர் கலந்திருந்தால் சல்பேட் தாராளமாக இருக்கும், கடல்நீரில் லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் இருக்கிறது. சல்பேட்டை வைத்துச் சிதையும்போது அழுகிய முட்டை வாடை வரும். அந்த வாடை இருக்கிறதா என்று பாருங்கள், நல்ல அறிகுறி.

அந்த 250 அடி ஆய்வு எத்தனால் கலக்காத பெட்ரோல் காலத்தைச் சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். இப்போது இந்தியாவில் 20 சதவீத எத்தனால். நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்னும், ஆக்சிஜன் அதிலேயே தீரும், பென்சீன் காத்திருந்து இன்னும் கொஞ்சம் தூரம் போகும்.

#20 தெருச்செயலாளர்

முட்டை வாடை ரெண்டு வீட்டு போர்ல இருக்கு மேடம்! நாங்க அதுக்குத்தான் முதல்ல பயந்தோம்.

ஒண்ணு கேட்கணும். தண்டையார்பேட்டையில 2013ல துறைமுகத்துலேர்ந்து கிடங்குக்குப் போற குழாய் கசிஞ்சு டி.எச். ரோடு வீட்டு போர்ல எண்ணெய் வந்துச்சே, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அங்க மாதிரி நாங்களும் தீர்ப்பாயம் போகணுமா? இல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலயே முடியுமா?

#21 கணக்குப்பிள்ளை

வக்கீலைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது, 2025 ஜூலையில மாசடைந்த இடங்களுக்குன்னே மத்திய அரசு தனி விதி போட்டிருக்கு. சந்தேக இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்கணும், மாநில வாரியம் ஆய்வு பண்ணணும், செலவு மாசுபடுத்தினவங்க தலையில. முதல்ல கலெக்டர் ஆபீஸுக்கும் வாரியத்துக்கும் எழுத்துல குடுத்து தேதி முத்திரை வாங்கி வச்சுக்கங்க. அதுக்கப்புறம் எங்க போனாலும் அந்தத் தாள் பேசும்.

#22 எம்டெக் மாணவி

மாதிரி எடுக்கும்போது சங்கத்திலிருந்து யாராவது நின்று பார்க்கலாமா? பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்? எனக்கும் ஆய்வுக்குத் தேவை.

#23 குழாயடி முருகன்

தாராளமா நிக்கலாம், நிக்கணும்.

முதல்ல எண்ணெய்-தண்ணி டேப்பை இறக்குவாங்க. எண்ணெயைத் தொட்டா விடாம ஒரே ஓசை, தண்ணியைத் தொட்டா விட்டு விட்டு பீப். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அளவுதான் எண்ணெய் கனம். கிணத்துல தெரியற கனம் மண்ணுல இருக்கற கனம் இல்ல, அதிகமாத்தான் காட்டும். அதனால 22 செ.மீ.ங்கிறதைக் கேட்டும் ரொம்பப் பயப்பட வேணாம்.

அப்புறம் பம்ப். மெதுவா, தண்ணி மட்டம் இறங்காத அளவுக்கு இழுக்கணும். மீட்டர்ல ஆக்சிஜன், பி.எச்., மின்கடத்தல் மூணும் ஒரே இடத்துல நிலைக்கிற வரை காத்திருந்து அப்புறம்தான் பிடிக்கணும். வாளியைத் தொபுக்குன்னு போட்டு அள்ளினா பாதி பென்சீன் அங்கயே போச்சு.

பிடிக்கிற பாட்டில் முக்கியம். அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் கேன் கொண்டு வந்தா அப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கங்க. 40 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ளே ரெண்டு சொட்டு அமிலம் போட்டு வந்திருக்கும். விளிம்பு மேல தண்ணி குவிஞ்சு நிக்கற வரை நிரப்பி, மூடியைச் சறுக்கினாப்ல போட்டு இறுக்கணும். உடனே தலைகீழாக் கவிழ்த்து விரலால தட்டிப் பார்க்கணும். ஒரு மிளகு அளவு குமிழ் ஏறினாலும் அது வேணாம், வேற எடுக்கணும். நேரா ஐஸ் பெட்டிக்கு. லேப்ல 14 நாளுக்குள்ள ஓட்டணும்.

பெட்டியில சுத்தத் தண்ணி நிரப்பின குப்பி ஒண்ணும் கூடவே போய் வரணும். அதுலயும் பென்சீன் வந்தா பெட்டியிலயோ லேப்லயோ கோளாறு. ஒரு கிணத்துலேர்ந்து ரெண்டு செட் எடுத்து வேற பேர் போட்டு அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு விடையும் கிட்டக் கிட்ட வருதான்னு தெரியும்.

#24 தெருச்செயலாளர்

நல்லாப் புரிஞ்சுது. இன்னொண்ணு, இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். பங்குக்கு எதிர்ல புது அபார்ட்மெண்ட். லிஃப்ட் குழியில காலையில லேசா பெட்ரோல் வாடைன்னு வாட்ச்மேன் சொல்றார். அறிக்கையில அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

#25 குழாயடி முருகன்

சார், மத்த எல்லாத்தையும் விட இதுதான் அவசரம்! குழிக்குள்ள யாரும் இறங்கக்கூடாது, பீடி சிகரெட் கூடாது, தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறேன்னு எவனாவது வந்தா விரட்டுங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், பள்ளத்துல தேங்கும். நூத்துல ஒண்ணரை பங்கு இருந்தாலே பத்திக்கும். தீயணைப்புத் துறைக்கு இன்னிக்கே சொல்லுங்க, பக்கத்து பாதாள சாக்கடை மூடிகளையும் அவங்க மீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மெக்ஸிகோவுல குவாதலஹாரா நகரத்துல 1992 ஏப்ரல் 22ல, கசிஞ்ச பெட்ரோல் சாக்கடைக்குள்ள போய் வெடிச்சு தெருத்தெருவாப் பிளந்துச்சு, இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. அங்கயும் ஜனங்க சில நாள் முன்னாடியே வாடை வருதுன்னு புகார் சொல்லியிருந்தாங்க.

இந்த நிலைமையில ப்ளோயரை நிறுத்திப் பார்க்கிற சோதனையையும் யோசிச்சுத்தான் பண்ணணும். ஆவியை இவ்வளவு நாள் கட்டடத்துப் பக்கம் போகாம இழுத்துட்டு இருக்கறதே அந்த ப்ளோயரா இருக்கலாம். கம்ப்ரஸரை நிறுத்துங்க, ப்ளோயரைக் கடைசியா நிறுத்துங்க, அதுவும் லிஃப்ட் குழியில தினம் அளந்துக்கிட்டே. கம்ப்ரஸர் மட்டும் ஓடி ப்ளோயர் நிக்கற நிலைமை ஒரு நிமிஷம்கூட வரக்கூடாது, ஆவியைக் கீழேர்ந்து வீட்டுக்குள்ள தள்ளினதாயிடும். ரெண்டுக்கும் நடுவுல தானா நிக்கிற இன்டர்லாக் இருக்கான்னு கேளுங்க.

#26 கணக்குப்பிள்ளை

இன்டர்லாக் விஷயத்துல முருகன் சொல்றதை அப்படியே வழிமொழியறேன். கேட்கறதோட விடாதீங்க, உங்க கண்ணு முன்னாடி ப்ளோயர் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க, கம்ப்ரஸர் தானா நிக்கணும்.

#27 தெருச்செயலாளர்

தகவலுக்கு: தீயணைப்புக்காரங்க வந்தாங்க. சாக்கடையில ஒண்ணுமில்ல. லிஃப்ட் குழியில தீப்பிடிக்கிற அளவு இல்ல, ஆனா மீட்டர் அசையுது. குழிக்கு ஃபேன் போட்டாச்சு.

கம்பெனிக்காரங்களோட கூட்டம் நேத்து நடந்துச்சு. லிட்டர் கணக்கைக் காட்டினதும் இன்ஜினியர் தம்பி முகம் மாறிடுச்சு, "ரிவைஸ் பண்ணித் தர்றோம்"னார். இன்டர்லாக்கை அணைச்சுக் காட்டினாங்க, வேலை செய்யுது. கம்ப்ரஸரை மட்டும் இப்ப நிறுத்தறாங்க. எம்.டபிள்யூ-3 பக்கத்துல, ஒரு மீட்டர் ஆழத்துலேர்ந்தே ஸ்லாட் வர்ற மாதிரி புது கிணறு ஒண்ணு. ஜூன்ல மாதிரி, சங்கத்து ஆள் முன்னாடி. மழைக்கு அப்புறம் மறுபடி. கடிதம் குடுக்கல. லிஃப்ட் குழி "எங்க வேலை வரம்புல இல்ல"ங்கறாங்க, அதுல மட்டும் இறங்கி வரல. வாரியத்துக்கு எழுதியிருக்கோம்.

அதுவரைக்கும் நாங்களே ஆவி அளக்கற பி.ஐ.டி. மீட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து குழியைப் பார்க்கலாம்னு இருக்கோம். சரியா வருமா?

#28 குழாயடி முருகன்

வரும். ஆனா பி.ஐ.டி. ரொம்பக் கம்மி அளவைப் பார்க்கிற மீட்டர், வெடிக்குமாங்கிறதுக்கு அதை நம்பாதீங்க, அதுக்கு எல்.இ.எல். (தீப்பிடிக்கிற குறைஞ்சபட்ச அளவு) மீட்டர் தனி. ரெண்டும் ஒரே பெட்டியில வர்ற மாடலாக் கேளுங்க. தினம் காலையில ஐசோபியூட்டிலீன் சிலிண்டர் வச்சு கேலிப்ரேட் பண்ணித் தர்றானான்னு பாருங்க, இல்லைன்னா வாடகையைக் குறைச்சுக் கேட்காதீங்க, வேற கடைக்குப் போங்க. ராத்திரி ஃபேனை நிறுத்தி குழி மூடி இருக்கட்டும், லிஃப்டையும் நிறுத்தி வைங்க. விடியக்காலையில ஆள் இறங்காம, குழாயை மட்டும் தரை வரைக்கும் விட்டு அளந்து எழுதுங்க. எல்.இ.எல். முள்ளு பத்து சதவீதம் தொட்டா அளக்கறதை விட்டுட்டு 101 அடிங்க. எழுதும்போது பக்கத்துல ப்ளோயர் ஓடுதா, நேத்து மழை பெய்ஞ்சுதா, ரெண்டையும் போட்டு வைங்க. ஈரக் காத்துல பி.ஐ.டி. தப்புக் காட்டும், அதனால மழை நாள் எண்ணை வச்சு அவங்களோட சண்டைக்குப் போகாதீங்க.